எளிமைத் துரையின் இலை

அத்தியாயம் ஆறு

கொட்டாரத்துக் கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியில் இடம் பிடிப்பதற்குச் சட்டமன்றத்திலேயே ஓர் இடம் பிடித்துவிடலாம். சட்டமன்றத்தில் தோற்றவன் ஐந்து வருஷம் கழித்து மறுபடி நிற்கலாம். முதல் பந்தியில் தோற்றவனுக்கு அவியலில் முருங்கைக்காய் கிடையாது. அவ்வளவுதான் அவன் விதி.

அப்படிப்பட்ட பந்தியில், பெண்ணின் சொந்தத் தாய்மாமனை எழுப்பி நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு வடநாட்டானை உட்கார வைத்திருந்தார்கள். உச்சி வெயிலில் கம்பளிக் கோட்டு. கூரைக்குள்ளே கறுப்புக் கண்ணாடி. முகவாயில் மட்டும் கொஞ்சம் தாடி, அதில் புதுச் சாயம். எழுப்பப்பட்ட தாய்மாமன் தூணோரம் நின்று, அதையே ஒரு கௌரவமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் இருந்த எடத்துலதான் துரை இருக்காரு, பாத்துக்கிடுங்க."

எதிர் வரிசையில், தன் முதலாளி கணபதியப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெமி அந்தக் கோட்டையே பார்த்தாள்.

"சாரே, ஆளு உள்ளுக்குள்ள வெந்திருப்பான். எறக்கி வச்சா ஒரு கூட்டு ஆவும்."

"மெல்லப் பேசு மக்கா. நாம மாப்பிள்ளை வீட்டு ஆளு."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா?"

"பெண்ணு வீட்டு ஆளு. எத்தனையோ வருசமா இப்படித்தான் சாப்பிடுகேன். இதுவரை ஒருத்தனும் ரெண்டு வீட்டையும் சேத்து விசாரிச்சதில்ல."

கணபதியப்பனின் துப்பறிவகம் வடசேரியில், நேந்திரங்காய் வற்றல் பொரிக்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அங்கே போய் வந்தவன் சட்டையில் தேங்காயெண்ணெய் மணம் ஒரு வாரத்துக்கு நிற்கும். உலகத்திலேயே ரகசியமாகப் போய்வர முடியாத துப்பறிவகம் அது ஒன்றுதான். தொழில் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, சொன்ன வேலை நிஜமா, துபாயில் ஏற்கெனவே ஒரு குடும்பம் ஓடுகிறதா. மார்த்தாண்டத்துக்காரியான ஜெமி, ஷார்ஜாவில் ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து இங்கே சேர்ந்தவள். சேர்ந்த அன்றைக்கு, "கொலைக் கேசு ஒண்ணும் வராதா சாரே?" என்று கேட்டாள்.

"நாம விசாரிக்காம விட்ட கல்யாணத்துல வரும்" என்றார் கணபதியப்பன்.

இன்று காலை வந்த கேஸில் கொலையும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஒரு பாலம்.

கொண்டுவந்தவர் பொற்றைமடை ஊராட்சித் தலைவர் நேசபாய். ஐம்பது வயதுக்காரி. குடையை மேஜைமேல் அவர் வைத்த சத்தத்தில் கீழ்க்கடையில் வற்றல் பொரிப்பது ஒரு நிமிஷம் நின்றது.

"எங்க ஊருல சானல் கால்வாய்க்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயலு. நடுவுல இருந்த பாலம் வெள்ளத்துல போச்சு அண்ணாச்சி. இப்பம் ரெண்டு தென்னந்தடியப் போட்டு அதுமேலதான் நடக்கோம். போன அறுப்புக்கு எங்க வீட்டுக்காரரு கதிர்க்கட்டோட அதுலேந்து விழுந்தாரு. இடுப்பெலும்பு. கட்டில்ல கெடக்காரு. நான் வாசல்ல செருப்பக் கழத்துத சத்தம் கேட்டா, 'பாலம் வந்தாச்சா'ண்ணு கேக்காரு. வேற ஒண்ணும் கேக்கமாட்டாரு. நீ சாப்பிட்டியாண்ணுகூடக் கேக்கமாட்டாரு."

இந்த இடத்தில் வட்டார வளர்ச்சி நிதி என்ற சங்கதியைச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் ஓர் ஊராட்சிக்கு அந்த நிதியில் பாலமோ ஓடையோ வேண்டுமானால், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். கீரிப்பாறைப் பக்கத்துத் தலைவர் ஒருவர் அப்படிப் பஸ்ஸிலேயே அலைந்து அலைந்து, டிரைவர் லீவு போட்ட ஒருநாள் பஸ்ஸை அவரே ஓட்டிக்கொண்டு போனார். இப்போது டிரைவருக்கான ஓய்வூதியம் வாங்குகிறார். அவர் கேட்ட ஓடை இன்னும் வரவில்லை.

பிறகு அரசாங்கத்துக்கு ஒருநாள் இரக்கம் வந்தது. எல்லாவற்றையும் எளிமையாக்கிவிட்டது. ஒரே ஒரு பக்க விண்ணப்பம், ஒரே ஒரு போட்டோ, கொடுப்பதற்கு நாகர்கோவிலில் ஒரே ஒரு அலுவலகம். அதற்கு எளிய அணுகல் பிரிவு என்று பெயர். ஆணை வந்த அன்றே ஊராட்சித் தலைவர்கள் எல்லாரும், கட்சி வேறுபாடு பாராமல், ஒரு முடிவுக்கு வந்தார்கள். இதில் ஏதோ சூது இருக்கிறது.

"முத்துநாயகம்ணு ஒரு சாரு" என்றார் நேசபாய். "கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. கோட்டாறுல ரயில்வே ஸ்டேசன் பக்கம் வீடு. பழைய ஸ்கூட்டர்ல ஊரு ஊரா வந்து, 'ஒரு பக்கம் போதும், நானே எழுதித் தாரேன், ஒரு பைசா வேண்டாம்'ணு சொன்னாரு. எவன் கேட்டான்? ஓசியாச் சொல்லுகான்னா இன்சூரன்ஸ் பிடிக்க வந்தவனாத்தான் இருப்பாண்ணு கதவைச் சாத்தினானுவ. பக்கத்து ஊருத் தலைவரு தாணுமாலயன் நாயை அவுத்து விட்டாரு. பாவம், மனசு வெறுத்து மகன்கூட இருக்கப் புனேக்குப் போயிட்டாருண்ணு கேள்வி."

"பொறவு?"

"பொறவு இந்தச் சக்சேனா வந்தான். டெல்லி ஆலோசகராம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கட்டணம் கேட்டான். கேட்டதும்தான் எல்லாத் தலைவருமாருக்கும் நம்பிக்கை வந்துது. எளிமைத் துரைண்ணு பேரு வச்சு, வரிசையில நிண்ணு குடுத்தானுவ. குடுத்த ஊருக்கெல்லாம் நிதி வந்தாச்சு. நான் அவன்கிட்ட போகல. முத்துநாயகம் சாரு சொன்னபடி ஒரு பக்கம் எழுதி, நானே கொண்டு குடுத்தேன். எனக்கு மட்டும் இல்ல. எப்பப் போய்க் கேட்டாலும் 'பரிசீலனையில் இருக்கு'. அவன்தான் தடுத்து வச்சிருக்கான். இண்ணைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இந்த வருசத்து நிதிக் கணக்க மூடுகானுவ. அதுக்குள்ள அவன் யாரு, எவன் வீட்டுப் பிள்ளை, எம் பாலத்தை எங்க வச்சிருக்கான்ணு எனக்குத் தெரியணும்."

கணபதியப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"இண்ணைக்கு மத்தியானம் துரை எங்க சாப்பிடுகாரு?"

தாணுமாலயனின் மகள் ஆர்த்திகாவுக்குக் கல்யாணம், கொட்டாரத்தில். துரைதான் முதல் மரியாதை. "ஜெமி, பட்டுச்சேலை இருக்கா?" என்றார் கணபதியப்பன். விசாரணை தொடங்கிவிட்டது.

பந்தியில் பருப்பும் நெய்யும் விழுந்தன. துரையைச் சுற்றிப் பல ஊர்த் தலைவர்கள், சாப்பிட உட்காராமல், வாய்பொத்தி நின்றார்கள். துரைக்குப் பக்கத்து இலையில் மொழிபெயர்ப்பாளன் ஷிஜின். நாகர்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். தாணுமாலயன் மகளின் முகூர்த்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து குனிந்தார்.

"துரைகிட்ட கேளு மக்கா. அடுத்த வருசம் எங்க ஊருக்கு ஒரு சமுதாயக்கூடம் கிட்டுமா?"

ஷிஜின் துரையின் காதில் ஏதோ சொன்னான். துரை கண்ணை மூடினார். ஆழமான குரலில், இழுத்து இழுத்து, இந்தியில் நாலு வரி சொன்னார். கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"பாதையில உள்ள தடையெல்லாம் நீங்கிட்டாம்" என்று மொழிபெயர்த்தான் ஷிஜின். "கூடிய சீக்கிரம் வந்து சேரும், நீங்க தயாரா நிக்கணும்ணு சொல்லுகாரு."

ஜெமிக்குக் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது.

"என்ன மக்கா?"

"சாரே, ஷார்ஜாவுல எனக்குப் பாதி நாளு இந்தியிலதான் பொழப்பு. அவன் சொன்னது சமுதாயக்கூடம் இல்ல. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கன்னியாகுமரியிலிருந்து புறப்பட்ட வண்டி இன்னும் சற்று நேரத்தில் இரண்டாவது நடைமேடைக்கு வந்து சேரும்.'"

"சரியாக் கேட்டியா?"

"நான் ஸ்டேசன்ல கேக்காததாக்கும்! இருங்க, அடுத்தது தண்டவாளத்தக் கடக்காதீங்கண்ணு வரும்."

வேறொரு தலைவர், தங்கள் ஊர்க் குளக்கரை விஷயமாக ஏதாவது முன்கூட்டிச் செய்ய வேண்டுமா என்று கேட்டார். துரை கையை உயர்த்தி, கண்டிப்பான குரலில் ஒரு வரி சொன்னார். ஜெமி கணபதியப்பனின் தொடையில் இடித்தாள். அந்த வரிதான்.

"குறுக்கு வழியில போகாதீங்கண்ணு சொல்லுகாரு" என்றான் ஷிஜின்.

குளக்கரைத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வாழ்க்கையையே பார்த்ததுபோல் துரை சொல்லிவிட்டதாகப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"பிடிச்சிரலாம் சாரே. இந்தி தெரியாத டெல்லிக்காரன். இதுக்கு மேல என்ன வேணும்?"

"இந்தி தெரியாதுண்ணு தெரிஞ்சுது. ஆளு யாருண்ணு தெரியல. எழும்பி நிண்ணு நீ கத்தினா, இவனுவ உன்னைத்தான் அடிப்பானுவ. நம்பினவன ஒருநாளும் திருத்த முடியாது, பாத்துக்க. இலையப் பாரு."

"இலையில என்ன இருக்கு?"

"பப்படம்."

ஜெமி பார்த்தாள். எல்லார் இலையிலும் விழுந்ததுபோலத் துரையின் இலையிலும் இரண்டு பப்படம் விழுந்திருந்தது. ஒன்றைப் பருப்பில் உடைத்துவிட்டார். மற்றொன்று இலையின் தலைப்பில், நேந்திரங்காய் உப்பேரிக்கும் மட்டிப்பழத்துக்கும் மறைவில், கவிழ்ந்து படுத்திருந்தது.

"வேண்டாம்ணு ஒதுக்கியிருப்பான்."

"அடைப்பிரதமன் பாயசம் வரட்டும்" என்றார் கணபதியப்பன், எரிசேரியில் முழுக்கவனமாக.

சாம்பார் வந்தது. துரை அந்தப் பப்படத்தை இடதுபக்கமாக நகர்த்தினார். புளிச்சேரி வந்தது. நகர்த்தினார். ரசம் ஓடிவந்தபோது சோற்றால் ஒரு வரப்புக் கட்டிப் பப்படத்தைக் காப்பாற்றினார். சாம்பாரும் ரசமும் புரண்டு ஓடிய அந்த இலையில் அது ஒன்றுதான் ஈரம் படாமல் கிடந்தது.

அடைப்பிரதமன் வந்தது. தாணுமாலயன் கையாலேயே துரைக்கென்று ஒரு வெள்ளித் தம்ளரும் கரண்டியும் கொண்டுவந்து வைத்தார். துரை அந்தத் தம்ளரை ஏறிட்டும் பார்க்கவில்லை. விளம்புகிறவன் வாளியைச் சரித்ததும், அடியிலுள்ள கட்டியாக வேண்டும் என்று விரலாலேயே சைகை காட்டினார். இலையில் அது விழுந்த நொடியில், ஒளித்து வைத்திருந்த பப்படம் வெளியே வந்தது. ஒரே அமுக்கு, நொறுங்கியது. மட்டிப்பழத்தை ஒற்றைக் கையால் தொலித்து, அதன்மேல் பிசைந்து, ஐந்து விரலையும் கூட்டி வழித்து, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மூடி வாயில் போட்டார்.

தலைவர்கள் சொக்கிப் போனார்கள்.

"பாத்தேரா, நம்ம பழக்கத்த எவ்வளவு சீக்கிரம் படிச்சுட்டாரு! அதான் டெல்லி மூளைங்கது."

"சாரே" என்றாள் ஜெமி மெதுவாக.

"புரிஞ்சுதா? வேத்தூர்க்காரன் பப்படத்தச் சூடா இருக்கும்போதே தின்னு முடிச்சிருவான். கடைசியில பிரதமன் வரும்ணு பருப்பு விழும்போதே நினைச்சு, ஒண்ண ஒளிச்சு வச்சு, ரசத்துலேந்து காப்பாத்தி, கைய அடக்கிக் காத்திருக்கணும்ணா, அந்தக் கை இந்த ஊருக் கல்யாணத்துல தவழ்ந்து வளந்த கை. தலைமயிருக்குச் சாயம் அடிக்கலாம். கைக்கு அடிக்க முடியாது."

"ஊரு தெரிஞ்சுது. ஆளு?"

"நீ சொல்லு."

துரை சாப்பிட்டு முடித்து இலையை மடித்தார். எழும்பவில்லை. கை துடைக்க வைத்திருந்த காகிதங்கள் மேஜைமேல் சிதறிக் கிடந்தன. தன்னுடையது, ஷிஜினுடையது, அடுத்த இலைக்காரனுடையது எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி ஓரங்களை நேராக்கினார். பல்குத்தும் குச்சி ஒன்றை எடுத்து, இடதுபக்க மேல் மூலையில் குத்திக் கோத்தார். பிறகுதான் நிம்மதியாக எழுந்தார்.

ஜெமி கணபதியப்பனின் காதருகே குனிந்தாள்.

"ஆபீஸ்காரன் கை. கையில ஒண்ணும் இல்லாம இருக்க முடியாத, ரிட்டயர்டு ஆன ஆபீஸ்காரன். காலையும் ராத்திரியும் ஸ்டேசன் மைக்கு காதுல விழுக வீடு. புனேக்குப் போனதாக் கேள்வி."

"இதுக்குத்தான் மக்கா உனக்குச் சம்பளம்."

"அது எப்பத் தருவீங்க?"

கணபதியப்பனுக்கு அந்தக் கேள்வி மட்டும் ஒருநாளும் காதில் விழுந்ததில்லை. எழுந்து கைகழுவுமிடத்துக்குப் போனார். துரை குழாயடியில் குனிந்திருந்தார். ஷிஜின் துண்டோடு நின்றான். கணபதியப்பன் அடுத்த குழாயைத் திறந்துகொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"முத்துநாயகம் சாரே, உங்க குழாயில தண்ணி வருதா?"

"நூலு மாதிரி வருது" என்றார் துரை.

சொன்ன பிறகுதான் அவர் கை நின்றது.

சமையற்கட்டுக்குப் பின்னால், பெரிய உருளிகள் கழுவப் போட்டிருந்த இடத்தில், முத்துநாயகம் கோட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஆவி பறந்தது. மண்டபத்து வாசலிலேயே நின்றிருந்த நேசபாயை ஜெமி அழைத்து வந்தாள். அவருக்கும் அழைப்பு உண்டு; ஆனால் அந்த ஆள் சாப்பிடும் பந்தியில் கை நனைக்கமாட்டேன் என்று வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றிருந்தார். கோட்டில்லாத துரையைப் பார்த்தார். ஓங்கிய குடை பாதியில் நின்றது.

"நீரா?"

"அம்மா, ஒரு பைசா களவு கிடையாது" என்றார் முத்துநாயகம். "தமிழ்ல ஓசியாச் சொன்னதத்தான் இந்தியில காசு வாங்கிட்டுச் சொன்னேன். அது இந்திகூட இல்ல. ரயில்வே."

"அத விடும். எம் பாலத்த எதுக்குத் தடுத்தேரு?"

"நான் தடுக்கல. நீங்க குடுத்தது ஒரு பக்கம்."

"அவ்வளவுதான கேட்டானுவ?"

"கேட்டானுவ. குடுத்தா நம்பமாட்டானுவ."

நேசபாய் ஜெமியைப் பார்த்தார். ஜெமி கணபதியப்பனைப் பார்த்தாள். அவரும் இதை எதிர்பார்க்கவில்லை என்பது அவர் வாயிலிருந்த வெற்றிலை அசையாமல் நின்றதிலிருந்தே தெரிந்தது.

"அங்க ஞானதாசன்ணு ஒரு அதிகாரி" என்றார் முத்துநாயகம். "ஆயுசு பூரா கட்டுக்கட்டாக் கோப்பு தூக்கினவரு. எளிமைப்படுத்தின உத்தரவ வாசிச்சாரு, கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டினாரு. ஆனா ஒத்தத் தாளக் கொண்டு நீட்டினா, அத வெளிச்சத்துல பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. மிச்சம் எங்கேண்ணு மேசைக்கு அடியில தேடுவாரு. நான் மத்த ஊருக்கெல்லாம் குடுத்ததும் அதே ஒரு பக்கந்தான். பின்னால இவன் கடையில வீணாக் கெடந்த தாளு பூராத்தையும் வச்சுக் கட்டிருவோம். போன வருசப் பஞ்சாங்கம், பத்தாங்கிளாஸ் வினாத்தாளு, கபடிப் போட்டி நோட்டீசு. கையில தூக்கிப் பாப்பாரு. கனம் இருந்தாக் கையெழுத்து."

"அப்பம் என் தாளு?"

முத்துநாயகம் உருளியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் பாத்தேன். அவரு மேசையில சாயாத் தம்ளர மூடி வச்சிருந்தாரு."

உள்ளே நாதஸ்வரக்காரர் இரண்டாம் பந்திக்கு வாசிக்கத் தொடங்கியிருந்தார். குடை இறங்கியது.

"நீரு ஸ்கூட்டர்ல வந்து சொன்னப்பம், இந்த ஜில்லாவுல உம்ம நம்பினது நான் ஒருத்திதான் வே."

"தெரியும்."

"உம்ம நம்பாதவனுக்கெல்லாம் பாலம் வந்தாச்சு. எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நாணக்கேடு அம்மா. வேற யாரு முன்னாலயும் இந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு நிக்க முடிஞ்சுது. உங்க முன்னால நிக்க முடியல."

நேசபாய் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "கோட்டப் போடும்" என்றார்.

நாகர்கோவிலுக்குள் வந்ததும் முதலில் வடசேரியில் வண்டி நின்றது. கனம் வேண்டுமே! ஷிஜினின் கடையில் இருந்த வீண்தாள் எல்லாம் தாணுமாலயனின் குளத்துக்கும் ஓடைக்குமே செலவாகிவிட்டது. கணபதியப்பன் மாடியேறி, அலமாரியிலிருந்து தள்ளுபடியான மாப்பிள்ளைகளின் விசாரணை அறிக்கைகளை மொத்தமாக இறக்கினார்.

"சாரே, பூராவும் அடுத்தவன் ரகசியம். ஆபீசுல எவனாவது வாசிச்சா?"

"மக்கா, அந்த அலமாரியவிடப் பத்திரமான எடம் அது. அங்க போன தாள எழுதினவனே திரும்பப் பாத்ததில்ல."

குடிகாரர்கள், பொய்வேலைக்காரர்கள், இரட்டைக் குடும்பத்தார் எல்லாரும் ஒரே கட்டாகி, சிவப்பு நாடாவில் இறுகினார்கள். ஜெமி தூக்கிப் பார்த்தாள். இப்படிப்பட்ட மாப்பிள்ளைகளின் பாரத்தைத் தாங்கப் பாலம் போதுமா என்றுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

எளிய அணுகல் பிரிவின் மாடிக்குப் போக, முன்வாசல் பூட்டியிருந்ததால், பின்பக்கம் சுற்றி, சைக்கிள்களைத் தாண்டி ஏறவேண்டியிருந்தது. அதிகாரி ஞானதாசன் மேஜையைத் துடைத்து வருஷத்தை மூட ஆயத்தமாக இருந்தார். தலைக்குமேல் கண்ணாடிச் சட்டத்தில் 'எளிமையே எங்கள் இலக்கு'. அதன் பின்னால் ஒரு பல்லி, வால் மட்டும் வெளியே. மேஜைமேல் சாயாத் தம்ளர். அதன்மேல் ஒரு தாள்.

நேசபாயைப் பார்த்ததும், "பரிசீலனையில் இருக்குண்ணு சொன்னேன்லாம்மா" என்று தொடங்கியவர், பின்னால் வந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். செருப்பைத் தேடினார். ஒரு கால்தான் கிடைத்தது.

ஜெமி கட்டை மேஜையில் போட்டாள். தம்ளர் குலுங்கியது. ஞானதாசன் அதை இரண்டு கையாலும் தூக்கினார். ஒருமுறை ஏந்திப் பார்த்தார். அவர் முகத்தில் இத்தனை நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. பிள்ளையின் கனத்தைப் பார்த்த பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸின் முகம் அப்படித்தான் இருக்கும்.

"இதுல்லா விண்ணப்பம்! எல்லா ஊரும் இப்படிக் குடுத்தா எங்களுக்கு எவ்வளவு எளிமையா இருக்கும்!" அட்டையைப் புரட்டினார். "ஆனா முதல் பக்கத்தக் காணல்லியே?"

நேசபாய் கையை நீட்டித் தம்ளர்மேல் இருந்த தாளை எடுத்தார். நடுவில் வட்டமாகச் சாயாக்கறை. கட்டின்மேல் வைத்தார்.

"இதாக்கும் முதல் பக்கம்."

ஞானதாசன் கறைக்குள்ளேயே கையெழுத்துப் போட்டார். வட்டத்துக்குள் விழுந்ததால், முத்திரை குத்தியதுபோல அழகாகத்தான் இருந்தது. சுவர்க்கடிகாரத்தில் ஐந்துக்குக் கொஞ்சம் இருந்தது. அவர் ஷிஜின் பக்கம் குனிந்தார்.

"துரைகிட்ட சொல்லு தம்பி. எங்க பிரிவப் பத்தி மேலிடத்துல ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லு."

துரை ஞானதாசனைப் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நேசபாயைப் பார்த்து, இழுக்காமல், ஆழமான குரல் ஒன்றும் இல்லாமல், இந்தியில் ஒரே ஒரு வரி சொன்னார்.

ஷிஜின் துரையைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சொல்லுகாரு?" என்றார் ஞானதாசன்.

"ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகோம்ணு சொல்லுகாரு."

ஜெமி ஷிஜினைத் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கு முதல்தடவையாக, ஓர் எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்திருந்தான். வண்டி தாமதமாகும்போது ஸ்டேஷனில் கடைசியாகச் சொல்வார்களே, அந்த வரி.

"அய்யோ, எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லியே!" என்று ஞானதாசன் கும்பிட்டார். "சிரமமே இல்லாமப் பண்ணத்தான இந்தப் பிரிவே இருக்கு!"

நேசபாய் அதிகாரிக்குப் பதில் சொல்லவில்லை. முத்துநாயகத்திடம் மட்டும், "வண்டி வந்து சேந்தாச் சரி" என்றார். பல தடவை ஏறி இறங்கிய அந்த ஆபீஸில் அவருக்குக் கிடைத்த ஒரே மன்னிப்பு அதுதான். அதுவும் ரயிலுக்கு உள்ளது.

படியில் இறங்கும்போது அவருடைய போன் அடித்தது. வீட்டிலிருந்து. எடுத்ததும், அந்தப் பக்கத்துக் குரல் ஜெமிக்கே கேட்டது.

"பாலம் வந்தாச்சா?"

"கையெழுத்து ஆயாச்சு."

லைன் போய்விட்டதோ என்று நேசபாய் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு மறுபடி வைத்தார்.

"நீ சாப்பிட்டியா?" என்றது குரல்.

காலையிலிருந்து ஒரு மாவட்டத்தையே குடைநுனியில் நிறுத்தியவர், மழையில்லாத, வெயிலில்லாத, கூரைபோட்ட அந்தப் படிக்கட்டில், குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.